பழைய பண்ணை வீட்டுச் சுவர்ல சிமெண்ட் பூசுறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

மேலூர், சோழவந்தான் பக்கம் பழைய பண்ணை வீடுகளைப் பார்க்கக் கூப்பிடுறவங்க பெரும்பாலும் சொல்றது ஒண்ணுதான், "சார் போன வருஷம்தான் சிமெண்ட் பூசினோம், மறுபடி உப்புப் பூத்து உதிருது". உதிரத்தான் செய்யும்ங்க. திருமலை நாயக்கர் மகால் 1636ல கட்டுனது, இப்ப நாம பூசுற போர்ட்லேண்ட் சிமெண்டுக்கு பேடண்ட் வாங்குனதே 1824லதான், நம்ம ஊர் பழைய கட்டடமெல்லாம் சுண்ணாம்பை நம்பி நிக்கிறது. அஸ்திவாரத்துல இருந்து ஏறுற ஈரம் சுண்ணாம்புக் காரை வழியா வெளியேறி காஞ்சுரும். சிமெண்ட் பூசினா அதுக்கு வழி அடைபட்டு ஈரம் இன்னும் மேல ஏறும், உப்பு உள்ளயே கெட்டியாகி செங்கல்லோட மேல்தோலையே பேத்துட்டு வரும்.

உதிர்றதைக்கூட விட்ருங்க, எனக்கு பயமே உத்திரம்தான். மெட்ராஸ் டெரஸ் கூரையில, அதாவது மர உத்திரத்து மேல செங்கல்லைச் சுண்ணாம்புக் காரையில அடுக்குன பழைய தளத்துல, மொத்த பாரமும் தேக்கு உத்திரத்துல நிக்குது, அதோட நுனி சுவருக்குள்ள இருக்கு. சுவர் காயாம ஓதமாவே இருந்தா அந்த நுனி உளுத்துப் போகும், கரையானும் சேர்ந்துக்கும், வெளிய பாக்குறதுக்கு மரம் நல்லாத்தான் தெரியும். நுனிகிட்ட சுத்தியால தட்டிப் பாருங்க, சத்தம் பொத்துன்னு வந்தாலோ ஸ்க்ரூ டிரைவர் உள்ள இறங்கினாலோ அன்னைக்கே முட்டுக் குடுத்துட்டு, பழைய கட்டடம் தெரிஞ்ச இன்ஜினியரைக் கூப்பிடுங்க, அதுவரைக்கும் அந்த ரூம்ல யாரையும் படுக்க விடாதீங்க, மாடியில நெல்லு காயப்போட வேணாம்.

முதல்ல தண்ணி எங்கிருந்து வருதுன்னு பாருங்க, சுவரைத் தொடுறது அப்புறம். முற்றத்துத் தண்ணி போற தூம்பு அடைச்சிருக்கும், இல்ல வாசல்ல கான்கிரீட் போட்டுப் போட்டு தரைமட்டம் திண்ணை உயரத்துக்கு வந்திருக்கும். தொழுவத்தை ஒட்டின சுவர்ல மாட்டு மூத்திரத்தோட உப்பு இறங்கும், யூரியா மூட்டையைச் சுவரோட சாய்ச்சு அடுக்குறதும் அதே வேலையைத்தான் செய்யும், தயவுசெஞ்சு வேற எடத்துல வைங்க.

அப்புறம் சிமெண்டை உளியால பதமா எடுக்கணும், மெஷின் போட்டா செங்கல் உடையும். ஒரு கோடை முழுக்க சுவரைக் காயவிட்டு, நல்லா ஊறின நீத்த சுண்ணாம்புல காரை பூசி, சாக்கு நனைச்சுப் போட்டு மெதுவா காயவிடணும். செலவும் நாளும் சிமெண்டைவிட கூடத்தான் ஆகும், மறைக்கல. மேல எமல்ஷன் பெயிண்ட் அடிக்காதீங்க, சுண்ணாம்பே அடிங்க.