மரபு முழுமை: பழைய விதையில் எது குறைகிறது?

மலேசியாவின் சுங்கை சிப்புட் கடைகளில் வாங்கும் வெண்டை, கங்கோங் விதைப் பொட்டலங்களில் 'காடார் பெர்ச்சம்பாஹான்' என்று மலாயில் ஒரு விழுக்காடு போட்டிருக்கும். நூற்றுக்கு எத்தனை விதை முளைக்கும் என்ற கணக்கு அது. தமிழில் முளைப்புத்திறன். முளைத்த செடியின் மரபு தாய்விதையில் இருந்தபடியே இருக்கிறதா என்பதை அந்த எண் சொல்லாது. அதற்குத்தான் விதை அறிவியலில் 'ஜெனெடிக் இன்டெக்ரிட்டி' என்று தனிச்சொல்.

இதை 'மரபணு நேர்மை' என்று பெயர்த்தால் சிரிப்புதான் வரும். விதை என்ன லஞ்சமா வாங்குகிறது? 'ஒருமைப்பாடு' என்றால் மேடைப் பேச்சாகிவிடும். இன்டெக்ரிட்டிக்கு வேரான லத்தீன் சொல் 'இன்டெகெர்' என்றால் தொடப்படாதது, குறைபடாதது. கணக்குப் பாடத்தில் அதே சொல்லை முழு எண் என்று எப்போதோ தமிழாக்கிவிட்டோம். ஆகவே 'மரபு முழுமை' போதும்.

உலர்ந்த விதையும் மூப்படைகிறது. ஆக்சிஜனேற்றம் டிஎன்ஏ இழைகளை அங்கங்கே அறுக்கிறது. காய்ந்த நிலையில் அதைச் சரிசெய்ய வழியில்லை. விதை நீரை உறிஞ்சிய பிறகுதான் பழுதுபார்ப்பு முறையாகத் தொடங்கும். சேதம் கொஞ்சமென்றால் வேர் சீக்கிரம் எட்டிப் பார்க்கும். கூடினால் முளைப்பு தாமதமாகும், நாற்றும் நோஞ்சானாக வரும். மிஞ்சினால் மண்ணிலேயே அழுகிவிடும். இந்தச் சுறுசுறுப்பை வீரியம் என்பார்கள். ஆனால் 'வீரிய விதை' என்றதும் நமக்குக் கலப்பின ஒட்டு ரகம்தான் நினைவுக்கு வருகிறது, அதனால் 'விதை வலு' என்பதே என் தேர்வு. வலு முதலில் குறையும். முளைப்பு விழுக்காடு நெடுநாள் அசையாமல் நின்று, அப்புறம் மளமளவென்று இறங்கும்.

தப்பிப் பிழைத்து முளைப்பவையும் பழுதில்லாதவை அல்ல. கிரெப்பிஸ் என்ற பூச்செடியின் பழைய விதைகளில் முளைத்த வேர்களில் குரோமோசோம்கள் உடைந்து மாறியிருப்பதை ரஷ்ய ஆய்வாளர் நவாஷின் 1933இல் எழுதினார். நாட்டு ரகங்களில் இன்னொரு இழப்பும் உண்டு. அவற்றில் பலவகை மரபுகள் கலந்திருக்கும். சேமிப்பைத் தாங்காதவை முதலில் சாகும். மிச்சத்தை விதைத்துப் பெருக்கினால் பெயர் அதே ரகம், சரக்கு வேறு. இதனால்தான் ரகங்களைச் சேமித்துக் காக்கும் மரபு வங்கிகள் விதையைக் காயவைத்து மைனஸ் 18 டிகிரியில் வைக்கின்றன. முளைப்பு, தொடக்கத்தில் இருந்த அளவில் 85 விழுக்காட்டுக்குக் கீழே போகுமுன் புது விதை எடுக்கின்றன. விதையின் ஈரப்பதம் 1 விழுக்காடு குறைந்தால் ஆயுள் இரட்டிக்கும், வெப்பம் 5 டிகிரி குறைந்தாலும் இரட்டிக்கும் என்பது விதை ஆய்வாளர் ஹாரிங்டன் சொன்ன தோராய விதி. நம் ஊர்ப் புழுக்கத்தில், திறந்த பொட்டலத்தை அடுப்படி அலமாரியில் போட்டுவைப்பது எதிர்த்திசையில் போவதுதான்.

பால்மரக் (ரப்பர்) கொட்டைக்கு இந்த விதி செல்லாது. காயவைத்தால் செத்துவிடும், ஈரமாக வைத்தாலும் சில வாரங்கள்தான். இவ்வகை விதைகளுக்கு 1973இல் விதை ஆய்வாளர் ராபர்ட்ஸ் வைத்த பெயர் 'ரிகால்சிட்ரன்ட்', அதாவது முரண்டு பிடிப்பவை. உலர்தாங்கா விதை என்றால் விஷயமே பெயரில் வந்துவிடும். 1876இல் ஆங்கிலேயர் விக்கம் பிரேசிலிலிருந்து லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோன ஏறக்குறைய 70,000 கொட்டைகளில் முளைத்தவை 2,700 சொச்சம். அந்தக் கன்றுகளின் வழிவந்தவைதான் பக்கத்துக் கோலகங்சாரில் நட்ட முதல் பால்மரங்கள். இப்போது தோட்டங்களில் கொட்டையை முளைக்கவிடுவது பெரும்பாலும் அடிக்கன்றுக்குத்தான். ரகத்தின் மரபு மேலே ஒட்டுக்கட்டும் மொட்டில் இருக்கிறது.