4294967297: பத்து இலக்க எண்ணுக்குள்ள 641ஐ பிடிக்கறது எப்படி?

32 ரெண்டுகளை ஒண்ணோட ஒண்ணு பெருக்கி கடைசியில 1 கூட்டினா வர்ற எண்தான் 4294967297. இது பகா எண்ணுன்னு 1640 வாக்குல ஃபிரான்ஸ்ல ஃபெர்மாங்கற கணித மேதை நம்பினாரு, நம்பறதுக்கு காரணமும் இருந்துச்சு, 32 ரெண்டுக்கு பதிலா 1, 2, 4, 8, 16 ரெண்டுன்னு போட்டா 3, 5, 17, 257, 65537 வருது, அஞ்சுமே பகா எண்.

1732ல இன்னொரு கணித மேதை ஆய்லர் இதை 641 × 6700417ன்னு உடைச்சுட்டாரு.

குருட்டாம்போக்குல ஒவ்வொரு பகா எண்ணாலயும் வகுத்து தேடினா, நம்ம எண்ணோட வர்க்கமூலம் வரைக்கும், அதாவது சுமார் 65536 வரைக்கும், 6542 பகா எண் இருக்கு, அதுல 641 வர்றது 116வது இடத்துல. ஆனா அவ்ளோ வகுக்கவே தேவையில்ல, எனக்கு இதுல ரொம்பப் பிடிச்ச இடமே இதுதான்.

ஏதோ ஒரு பகா எண் நம்ம எண்ணை வகுக்குதுன்னு வச்சுக்கங்க. 2, 4, 8, 16ன்னு இரட்டிச்சுக்கிட்டே போய் ஒவ்வொண்ணையும் அந்த பகா எண்ணால வகுத்து மீதியை எழுதினா, ஒரு இடத்துல மீதி 1 வரும், அப்புறம் அதே வரிசை திரும்ப சுத்தும். அந்த சுத்தோட நீளம், பகா எண்ணுல 1 கழிச்சா வர்றதை எப்பவும் மிச்சமில்லாம வகுக்கும் (இந்த விதியைச் சொன்னதும் ஃபெர்மாதான்!). இங்க 32வது இடத்துல மீதி −1 (அதோட 1 கூட்டினாதானே மிச்சமில்லாம வகுபடும்), அப்போ 64வது இடத்துல −1 × −1, அதாவது 1. 64ல 1 வந்தா சுத்தோட நீளம் 64ஐ வகுக்கணும்; அது 64ஐ விட சின்னதா இருந்தா 32ஐயும் வகுக்கும், அப்போ 32லயே 1 வந்திருக்கணும், வரலை. அதனால நீளம் 64தான், வகுக்கற பகா எண்ணும் 64ன் மடங்கோட 1 கூட்டினதாதான் இருக்க முடியும்.

அப்படிப் பொறுக்கினா 193, 257, 449, 577, 641. அஞ்சாவதே நம்மாளு!

இதுலயும் 257ஐ தூக்கிடலாம். 3 × 5 × 17 × 257 × 65537 பெருக்கிப் பாருங்க, 4294967295, நம்ம எண்ணுக்கு சரியா 2 கம்மி. ரெண்டையும் 257 வகுத்தா அந்த 2ஐயும் வகுக்கணும், அது நடக்காது. அப்புறம் 1878ல லூகாஸ்ங்கற கணிதக்காரர், 64 இல்ல, 128ன் மடங்கோட 1 கூட்டினதாவே இருக்கணும்னு காட்டினாரு, அதோட 193, 449, 577 மூணும் அவுட், முதல்ல நிக்கறதே 641.

வகுத்தே பாக்காம சரிபார்க்கவும் வழி இருக்கு. 641 = 5 × 128 + 1, அதே 641 = 625 + 16. முதல்ல இருந்து 5 × 128க்கு மீதி −1, அதை நாலு தடவை பெருக்கினா 625 × (28 ரெண்டுகளோட பெருக்கல்), மீதி 1. 625க்கு பதிலா −16 போடலாம், 16ங்கறது நாலு ரெண்டு, ஆக மொத்தம் 32 ரெண்டு, மீதி −1. கூட 1 சேத்தா பூஜ்யம்.

3, 5, 17, 257ன்னு போற இந்த வரிசையில 65537க்கு மேல ஒரு பகா எண் கூட இதுவரைக்கும் கிடைக்கலை. 3ஐ பூஜ்யமாவதுன்னு எண்ணினா 5வதுல இருந்து 32வது வரை எல்லாமே உடையும்னு நிரூபிச்சாச்சு, 33வதுக்கு சுமார் 258 கோடி இலக்கம், அது பகா எண்ணா இல்லையான்னு இன்னும் யாருக்கும் தெரியாது.