களப்புச் சேற்றில் பழைய சுனாமிகள்

2004 டிசம்பர் 26 காலை கடல் கிண்ணியா ஆஸ்பத்திரியையே அடித்து நொறுக்கியது. அதற்கு முன் அப்படியொன்றைக் கண்டவர் திருகோணமலையில் எவரும் இருக்கவில்லை. சுமத்திராவுக்கு அருகே 9.1 அளவில் அதிர்ந்த நிலம் கிளப்பிய அலை, இரண்டு மணித்தியாலமளவில் நம் கரைக்கு வந்துவிட்டது. இதற்கு முன்னும் வந்திருக்குமா? ஆய்வாளர்கள் இதைக் களப்புச் சேற்றிடம்தான் கேட்கிறார்கள்.

களப்பின் அடியில் வருஷக்கணக்காகப் படிவது கரிய, நாற்றமடிக்கும் சேறு. கடல் மணல்மேட்டைத் தாண்டி உள்ளே பாய்ந்தால் மட்டும் அதன்மேல் கடல்மணல் விரியும். பிறகு மறுபடி சேறு மூடும். நீளக் குழாயொன்றைச் சேற்றில் அடித்து இறக்கி, மேல்வாயை அடைத்து இழுத்தெடுத்து, நெடுக்காகப் பிளந்தால் கறுப்புக்கு நடுவே வெளிறிய மணல் பட்டிகள் தெரியும்.

ஆனால் புயலும் மணலைக் கொண்டுவந்து கொட்டும். கிழக்குக் கரைக்கு அது புதிதல்ல. 1964இல் தனுஷ்கோடியை அழித்த புயல் நம் வடக்கின் ஊடாகத்தான் போனது; 1978இல் மட்டக்களப்பைச் சூறாவளி உருக்குலைத்தது. எது எதன் மணல்? புயல் அலைகள் மணிக்கணக்காக ஒன்றன்பின் ஒன்றாக அடிப்பதால் மெல்லிய மணல் அடுக்குகள் பல சேரும். பெரும்பாலும் கரையோரத்திலேயே நின்றுவிடும். சுனாமி மணல் வெகுதூரம் உள்ளே போய், போகப்போக மெலியும். ஓட்டம் தளரும்போது பருமணல் முதலிலும் நுண்மணல் பின்னரும் படியும். அடியில், அலை பிய்த்தெடுத்த சேற்றுக் கட்டிகள் கிடக்கலாம். ஆழ்கடலில் வாழும் ஓரணு உயிர்களின் சுண்ணாம்பு ஓடுகள் நுணுக்குக்காட்டியில் தென்பட்டால் சந்தேகம் இன்னும் குறையும். இவற்றில் எதுவும் தனியே போதாது. நண்டுகள் வளை தோண்டி அடுக்குகளைக் கலக்கியும் வைத்திருக்கும். அதனால்தான் 2004இன் மணல் இவ்வளவு பெறுமதியானது: எந்த அலை போட்டதென்று ஐயமே இல்லாத அடுக்கு அது. பழையவற்றை அதனோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

வயதைச் சொல்வது இலை, விதைத் துண்டுகளில் எஞ்சியிருக்கும் கதிரியக்கக் கார்பன். குவார்ட்ஸ் மணலிலும் ஒரு கடிகாரம் உண்டு. இருளில் புதைந்த மணல், சுற்றியுள்ள கதிர்வீச்சின் ஆற்றலைச் சேமிக்கும்; ஆய்வுகூடத்தில் ஒளி பட்டதும் மினுங்கி அதை விடும். அந்த மினுக்கத்தை அளந்தால் கடைசியாக வெயில் பட்டது எப்போதென்று கணக்கிடலாம். கலங்கிய நீரில் சரியாக வெயில் படாமலே புதைந்த மணல் மட்டும் வயதைக் கூட்டிச் சொல்லும்.

அம்பாந்தோட்டைப் பக்கம் கரகன் களப்பில் இப்படி எடுத்த சேற்றில், ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முந்தைய சுனாமி மணலும் அகப்பட்டது. சுமத்திராவின் வடமுனையிலுள்ள அச்சேயின் கடலோரக் குகையொன்றில் இன்னும் தெளிவு: மணல் அடுக்குகளைப் பிரித்து வைத்திருந்தது வௌவால் எச்சம். 7,400 முதல் 2,900 ஆண்டுகளுக்கு முன்வரை குறைந்தது 11 சுனாமிகள். சராசரி பார்த்தால் சுமார் 450 ஆண்டுக்கு ஒன்று. உண்மையிலோ 2,000 ஆண்டுக்கு மேல் ஒன்றுமே வராத காலமும் உண்டு, ஒரே நூற்றாண்டுக்குள் பல வந்த காலமும் உண்டு. அந்தச் சராசரியை வைத்துக்கொண்டு நாள் குறிக்க முடியாது.