மதிலுக்குள் வெக்கை எங்கே போகிறது?

"மொரோக்கோவில் ஓர் ஓவியரின் நீலக் கட்டடத்தையும் மதில் சூழ்ந்த தோட்டத்தையும் படத்தில் பார்த்தேன். அந்த வெயிலிலும் உள்ளே குளிர்மையாம். நீலப் பூச்சுத்தான் காரணமா?" புதுக்குடியிருப்பில் சித்திரம் படிப்பிக்கும் ஆசிரியை ஒருவரின் கேள்வி இது.

அவர் பார்த்தது மராக்கேஷ் நகரத் தோட்டத்தை. பிரெஞ்சு ஓவியர் ஜாக் மஜொரெல் 1923இல் அங்கே காணி வாங்கினார். 1931இல் ஓவியக்கூடம் எழுந்தது. அந்தக் கடும் நீலம் கண்ணுக்குத்தான் குளிர்ச்சி. வெயிலைத் திருப்பி அனுப்புவதில் நம் வெள்ளைச் சுண்ணாம்பே கெட்டி. தோட்டத்தைக் குளிர்விப்பவை நிழலும் இலைகளும்.

நிழலைச் சொல்லித்தர வேண்டியதில்லை. இலைக்கு வருவோம். அதன் அடிப்பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் ஏராளம். காபனீரொட்சைட்டுக்காகப் பகலில் அவை திறக்க, உள்ளிருக்கும் ஈரம் ஆவியாகிறது. நீரின் மூலக்கூறுகள் ஒன்றையொன்று இறுகப் பிடித்திருப்பவை. அந்தப் பிடி விட வெப்பம் வேண்டும். அதை இலையிடமும் சுற்றியுள்ள காற்றிடமும் எடுத்துக்கொண்டு பறக்கின்றன. எவ்வளவு தெரியுமா? ஒரு லீற்றர் தண்ணீர் ஆவியாக, அதே தண்ணீரை 30 பாகையிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவரச் செலவாகும் வெப்பத்தைப்போல ஏறக்குறைய 8 மடங்கு! அடுப்பில்லாமல், சத்தமில்லாமல், வேம்பு இதை நாள் முழுக்கச் செய்கிறது. மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இப்படித்தான்.

காற்று காய்ந்திருந்தால் ஆவியாதல் வேகமாகும். அதனால்தான் மாரியில் பானை அவ்வளவு குளிர்வதில்லை. ஆனி, ஆடியில் வீசும் சோளகம் என்னும் தென்மேற்குக் காற்றோ மழையை மலைநாட்டின் மேற்குச் சரிவில் கொட்டிவிட்டு, வன்னிக்கு வரும்போது வறண்டிருக்கும். மரத்துக்கு நீர் கிடைத்தால் நம் வளவும் அப்போது நன்றாகக் குளிரும்.

சரி, மதில் எதற்கு? குளிர்ந்த காற்று பாரம் கூடியது, தாழத் தேங்கும். வெளிக்காற்று அதை அள்ளிப் போகாமல் மதில் மறிக்கிறது. ஆனால் வெயில் படும் சீமெந்து மதில் தானே சுட்டு, இரவிலும் வெக்கை கக்கும். எனக்குக் கிளுவை வேலிதான் பிடிக்கும்: காற்றைத் தணிக்கும், அதன் இலைகளும் குளிர்விக்கும்.

வாசலுக்கு நேரே மரம் ஆகாதென்று வாஸ்து சொல்லி வளர்ந்த வேம்பைத் தறிக்கிறார்களே, அதைக் கண்டால் மனம் பதறுகிறது. தகரக் கூரை வீட்டுக்கு இருக்கும் ஒரே குளிரூட்டி அதுதான். கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடமும் விவசாய பீடமும் இருக்கின்றன. மரமுள்ள வளவையும் மரமில்லாத வளவையும் வருடம் முழுக்க வெப்பமானி வைத்து அளக்க மாணவர்களுக்கு நிதி ஒதுக்க வேண்டும்.

ரீச்சர், நீங்கள் படம் கீறும் அறையின் மேற்குப் பக்கம் ஒரு வேம்பு வையுங்கள். பின்னேர வெயில் அந்தப் பக்கமாகத்தான் வரும்.