அரை கிலோமீட்டர் பள்ளம், ஆறு சொட்டுத் தண்ணீர்

பரணிலிருந்து இறக்கிய இசைத்தட்டை வேட்டி நுனியால் ஒரு துடை துடைத்துவிட்டு முள்ளை வைப்பவர்களைக் கண்டால் எனக்குப் பதறும். தட்டு பளபளக்கிறது, உண்மைதான். ஆனால் பாட்டு அந்தப் பளபளப்பில் இல்லை. அதற்குக் கீழே ஓடும் வரிப்பள்ளத்தில் இருக்கிறது. துணி அதற்குள் இறங்காது. மேலே கிடக்கும் தூசியைத் தள்ளிக்கொண்டுபோய்ப் பள்ளத்துக்குள் விழவைக்கும், அவ்வளவுதான்.

அந்தப் பள்ளத்தின் அளவு தெரிந்தால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். நீண்ட நேரம் ஓடும் எல்.பி. தட்டை 1948-இல் அமெரிக்காவின் கொலம்பியா நிறுவனம் கொண்டுவந்தது. நிமிடத்துக்கு 33⅓ சுற்று. ஒரு பக்கம் 22 நிமிடம் ஓடினால் தட்டு 700 முறைக்கு மேல் சுழன்றிருக்கும். அந்தச் சுருளைப் பிரித்து நேராக நீட்டினால் ஏறக்குறைய அரை கிலோமீட்டர் நீளம். அகலமோ 50 மைக்ரான் அளவுதான்; ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. தலைமுடியே பெரும்பாலும் அதைவிடத் தடிமன். ஆங்கில 'வி' எழுத்தைப் போல இரு சுவர்கள் கீழே சென்று கூடுகின்றன. ஸ்டீரியோ தட்டில் உள்சுவரில் இடப்பக்க ஒலியும் வெளிச்சுவரில் வலப்பக்க ஒலியும் நெளிவுகளாகச் செதுக்கப்பட்டிருக்கும். ஜால்ராவின் கூர்மையான ஓசை போன்ற உயர் அதிர்வெண்கள் ஒரு மைக்ரானுக்கும் குறைவான நெளிவுகளில் ஒளிந்திருக்கும்.

இவ்வளவு நீளமான பள்ளத்தை விளிம்பு வரை நிரப்ப எவ்வளவு தண்ணீர் வேண்டும்? கணக்குப் போட்டால் சுமார் 0.3 மில்லிலிட்டர். ஆறு சொட்டு. அந்த ஆறு சொட்டுக்குள் இறங்கிக் கரைத்து வெளியே வருவதுதான் சுத்தம் செய்யும் வேலை முழுதும்.

இனி முள்ளின் பக்கம். எல்.பி. தட்டுக்கான வைர முள்ளின் நுனி ஆரம் சுமார் 18 மைக்ரான். அதன் மேல் அழுந்தும் எடை இரண்டு கிராம்தான். ஆனால் அந்த இரண்டு கிராமும் சுவரில் தொடும் இரண்டு நுண்ணிய புள்ளிகள் மேல் விழுவதால், சதுர சென்டிமீட்டருக்கு டன் கணக்கில் அழுத்தம் வருகிறது. அந்த வழியில் ஒரு மணல் துகள் கிடந்தால் என்ன ஆகும்? மணலிலும், மதுரையை அடுத்த மேலூர்ப் பக்கத்துக் கிரானைட்டிலும் உள்ள குவார்ட்ஸ் கனிமத்தின் கடினத்தன்மை, வைரத்துக்குப் பத்து கொடுக்கும் மோஸ் அளவுகோலில் 7. தட்டு செய்யப்பட்ட வினைல் என்ற பிளாஸ்டிக்கோ நகத்தால் கீறினாலே தடம் விழும் பொருள். துகள் சுவருக்குள் அழுந்திப் பதியும், அல்லது சுவரைச் சுரண்டிவிட்டுப் போகும். முதல் வகைச் சேதம் கழுவினால் ஓரளவு தீரலாம். இரண்டாவது தீராது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் ஊரில் சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, உலர்ந்த துணியால் தட்டைத் தேய்ப்பது அந்தக் கல்தூளை வைத்து மெருகு போடுவதற்குச் சமம்.

தூசி ஏன் தட்டைத் தேடி வருகிறது என்பதற்கும் காரணம் இருக்கிறது. வினைல், காகிதம் போன்ற பொருள்களோடு உரசும்போது எலக்ட்ரான்களைப் பறித்துத் தன்னிடம் வைத்துக்கொள்ளும். காகித உறையிலிருந்து தட்டைச் சட்டென்று உருவினால் போதும், ஆயிரக்கணக்கான வோல்ட் நிலைமின்னூட்டம் ஏறிவிடும்; அறையில் மிதக்கும் பஞ்சும் தூளும் தாமாக வந்து ஒட்டும். காற்றில் ஈரம் இருந்தால் மின்னூட்டம் மெல்லக் கசிந்துவிடும். சித்திரை மதிய வெயிலில் ஈரம் எங்கே இருக்கிறது? உலர்ந்த தூசிக்குக் கார்பன் இழைத் தூரிகையைச் சொல்வது இதனால்தான். கார்பன் மின்கடத்தி, அதன் மெல்லிய இழைகள் தூசியை அள்ளும்போதே மின்னூட்டத்தையும் கை வழியே இறக்கிவிடும். தட்டு சுழலும்போது சும்மா தொட்டாற்போல் பிடித்தால் போதும், அழுத்தக் கூடாது. ஒவ்வொரு முறை பாட்டுக் கேட்பதற்கு முன்பும் இது போதுமானது.

பல ஆண்டு அழுக்குக்குத் திரவம்தான் வழி. வெறும் தண்ணீர் ஒரு சொட்டைத் தட்டின் மேல் விட்டு, விளக்கொளிக்குச் சாய்த்துப் பாருங்கள். அது பரவாது, குவிந்து நிற்கும். தண்ணீரின் பரப்பு இழுவிசை அதிகம், வினைலின் பரப்பு அதை ஈர்க்கும் அளவு குறைவு. குறுகிய பள்ளத்தின் அடி வரை அந்தத் தண்ணீர் இறங்காமல் காற்றைப் பூட்டிவைத்துக்கொள்ளும். பரப்பு இழுவிசையைக் குறைக்கும் ஈரமாக்கிப் பொருளைத் துளி சேர்த்தால் அதே சொட்டு சரேலென்று பரவிப் பள்ளத்தின் வரிகளோடு ஓடுவது கண்ணுக்கே தெரியும். கறுப்பு வெள்ளைப் படச்சுருளைக் கழுவிய பழைய ஸ்டூடியோக்காரர்களுக்கு இது புதிதல்ல. நீர்க்கறை படியாமல் இருக்க அவர்கள் கடைசித் தொட்டியில் கலந்த திரவமும் இந்த வகைதான். அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் தன் இசைத்தட்டுகளைக் கழுவுவதும் அயனி நீக்கிய நீரில் மின்னூட்டமற்ற ஈரமாக்கியைக் கலந்துதான்.

தூரிகையால் அழுக்கைத் தோண்டி எடுக்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள். சாதாரணப் பல் தூரிகையின் ஓர் இழை 150 முதல் 200 மைக்ரான் தடிமன். பள்ளம் 50. மாசி வீதியில் ஓடும் தேரைச் சந்துக்குள் இழுக்கப் பார்ப்பதைப் போன்ற வேலை அது. நுனி மெலிந்த மிருதுவான தூரிகையும்கூட முக்கியமாகச் செய்வது திரவத்தைக் கலக்கி அசைப்பதைத்தான். அழுக்கை விடுவிப்பது திரவம். அதனால் திரவத்தை இட்டு ஒன்றிரண்டு நிமிடம் ஊறவிடுவது, அரை மணி நேரம் தேய்ப்பதைவிடப் பலன் தரும். தூரிகை வரியின் போக்கிலேயே வட்டமாகப் போகட்டும். குறுக்கே போனால் அழுக்கு ஒரு வரியிலிருந்து அடுத்த வரிக்கு இடம் மாறும். நடுவில் உள்ள காகித லேபிளின் மேல் ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்துக்கொண்டால் மை கரையாது.

எந்தத் தண்ணீர் என்பதில்தான் மதுரைக்காரர்கள் கோட்டைவிடுகிறார்கள். போர்வெல் தண்ணீர் வரும் வீடுகளில் குளியலறைக் குழாயின் வாயில் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும். கால்சியம், மக்னீசியம் உப்புகள் அவை. அதே தண்ணீர் தட்டின் பள்ளத்தில் காய்ந்தால் அதே வெள்ளை அங்கேயும் படியும். வேறு வழியில்லாத இடத்தில் குடிநீரில் அனுமதிக்கப்படும் கடினத்தன்மையின் உச்ச வரம்பு இந்தியத் தரநிலையின்படி லிட்டருக்கு 600 மில்லிகிராம். அத்தகைய நீர் ஆறு சொட்டு காய்ந்தால் சுமார் 0.18 மில்லிகிராம் சுண்ணாம்பு மிஞ்சும். கேட்பதற்கு ஒன்றுமில்லைபோல் தோன்றும். அதை 5 மைக்ரான் துகள்களாகப் பிரித்தால் பல லட்சம் துகள்கள். முள்ளுக்கு ஒவ்வொன்றும் ஒரு 'டிக்'. சோப்புப் போட்டால் இன்னும் வினை: உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்காமல் திரிந்து, கரையாத பிசுக்காகப் பள்ளத்தில் உட்கார்ந்துகொள்ளும்.

தீர்வு வீட்டிலேயே இருக்கிறது. இன்வெர்ட்டருக்கு ஊற்ற வாங்கும் பேட்டரித் தண்ணீர் தாது நீக்கிய நீர்தான். புதிதாகத் திறந்த கேனாக இருக்க வேண்டும். ஆசிட் கேனோடு மாறிவிடக் கூடாது என்று சொல்லத் தேவையில்லை; இருந்தாலும் சொல்லிவைக்கிறேன். கழுவுவது ஈரமாக்கி கலந்த நீரில், அலசுவது வெறும் பேட்டரித் தண்ணீரில். இரண்டாவதைத் தவிர்த்தால் ஈரமாக்கியே படலமாகத் தங்கிவிடும்.

அடுத்தது எல்லாரும் அவசரப்படும் இடம். அழுக்கு இப்போது பள்ளத்தை விட்டுத் திரவத்தில் மிதக்கிறது. திரவம் அங்கேயே காய்ந்தால் அழுக்கும் அங்கேயே திரும்பப் படியும். காய்வதற்குள் திரவத்தை வெளியே எடுக்க வேண்டும். விலை உயர்ந்த கருவிகள் உறிஞ்சு குழாயால் இதைச் செய்கின்றன. கையால் செய்பவர்கள் பஞ்சு உதிராத மைக்ரோஃபைபர் துணியால் ஒத்தி எடுக்கலாம். வெயிலில் வைத்துக் காயவைப்பது மட்டும் வேண்டாம். வினைல் தட்டு 70 டிகிரி செல்சியஸுக்கு முன்பே இளகத் தொடங்கும். கறுப்புத் தட்டு மொட்டை மாடி வெயிலில் வெகு சீக்கிரம் நெளிந்துவிடும். கண்ணாடி ஏற்றிய காருக்குள்ளும் இதே கதைதான். தேங்காய் எண்ணெய் தடவினால் கரகரப்பு அடங்கும் என்பார்கள். ஓரிரு நாள் அடங்கலாம். பிறகு அதே எண்ணெய் தூசியைப் பிடித்துப் பசையாகும்.

இதுவரை சொன்னது வினைலுக்கு. அதற்கு முந்தைய 78 சுற்றுத் தட்டு வேறு சாதி. மதுரையில் பிறந்த எம்.எஸ். சுப்புலட்சுமி, டி.எம். சௌந்தரராஜன் இருவரின் தொடக்க காலப் பாடல்களும் அவற்றில்தான் வந்தன. கையில் கனக்கும், வளையாது, கீழே விழுந்தால் உடையும். அதன் பிசின் அரக்கு. கிழக்கிந்தியக் காடுகளில் பலாசம் எனும் புரச மரத்திலும் இலந்தை மரத்திலும் ஒட்டி வாழும் சிறு பூச்சி சுரப்பது. அரக்கோடு கல்தூளும் கரியும் சேர்த்து அழுத்திச் செய்த தட்டு அது. கல்தூள் வேண்டுமென்றே சேர்க்கப்பட்டது. கிராமபோன் பெட்டியின் எஃகு முள் நூறு கிராமுக்கும் மேற்பட்ட எடையோடு அழுந்தும். முதல் சில சுற்றுகளில் அந்தக் கல்தூள் முள்ளைத் தேய்த்துப் பள்ளத்தின் வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடும். ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு புது முள் என்று டப்பாவிலிருந்து எடுத்து மாற்றியது இதனால்தான்.

இந்தத் தட்டின் மேல் ஸ்பிரிட் படவே கூடாது. தச்சர்கள் அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துத்தானே மரத்துக்குப் பாலிஷ் போடுகிறார்கள்? ஆல்கஹால் கலந்த எந்தத் திரவமும் 78 சுற்றுத் தட்டின் பள்ளத்தையே கரைத்து எடுத்துவிடும். வினைலுக்குச் சிறிது ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் கலப்பவர்கள் உண்டு, கைரேகை எண்ணெய் எளிதாகப் போகும் என்பதற்காக. ஒரே அலமாரியில் இரு வகைத் தட்டும் இருக்கும் வீட்டில் அந்தப் புட்டியே வேண்டாம் என்பது என் கட்சி. அரக்குத் தட்டை நீரில் நெடுநேரம் ஊறவைப்பதும் ஆகாது. கலவைப் பொருள்கள் ஈரத்தை இழுத்து உப்பும். நனைத்து, உடனே ஒத்தி எடுக்க வேண்டும்.

ஐப்பசி, கார்த்திகையில் நிலைமின்னூட்டத் தொல்லை குறையும். பதிலுக்குப் பூஞ்சை வரும். வினைலை அது உண்பதில்லை. அட்டை உறையின் பசையிலும் தட்டில் படிந்த விரல் எண்ணெயிலும் பிழைத்துக்கொண்டு, சாம்பல் நிறத்தில் கிளைவிட்டுப் படரும். அத்தகைய தட்டை வீட்டுக்குள் தூசி தட்டாமல் வெளியே கொண்டுபோய்த் துடைத்து, கழுவிய பின் புதிய உள்ளுறையில் போட வேண்டும். பழைய உறைக்குள்ளேயே திரும்பப் போட்டால் கழுவியது வீண். தட்டுகளைப் படுக்கை வாட்டத்தில் அடுக்காமல் நேராக நிறுத்தி வைக்க வேண்டும். தளத்தின் சூடு இறங்கும் பரணைவிடக் கீழ் அலமாரி நல்லது.

கீறல் விழுந்த ரெக்கார்டு என்று யாரையாவது திட்டுவதற்கு முன், அதன் இயற்பியலும் கொஞ்சம். முள் ஏதோ ஒன்றில் மோதி முந்தைய வரிக்குத் தள்ளப்படுவதால்தான் ஒரே அடி திரும்பத் திரும்ப வருகிறது. எல்.பி. தட்டில் ஒரு சுற்றுக்கு 1.8 விநாடி, 78 சுற்றுத் தட்டில் முக்கால் விநாடி. அதனால் பழைய தட்டில் ஒரு சொல் மாட்டிக்கொள்ளும், எல்.பி.யில் ஓர் அடியே மாட்டிக்கொள்ளும். மோதுவது பல நேரங்களில் கீறலே அல்ல, உலர்ந்து இறுகிய ஒரு பொட்டு அழுக்கு. முள் திரும்பும் இடத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்து, அங்கே மட்டும் திரவம் வைத்து ஊறவிட்டால் பெரும்பாலும் பாட்டு அடுத்த அடிக்குப் போய்விடும்.