கத்திக்குத் துளையிடும் மெசின் வாங்குமுன்

யாழ்ப்பாணத்தில் உலோக வேலைப் பட்டறை நடத்தும் என்னிடம், கத்தி செய்யப் பழகும் இளைஞர்கள் முதலில் கேட்பது எத்தனை குதிரைவலு மோட்டர் உள்ள ட்றில் மெசினை வாங்கலாம் என்பதுதான். பிடிக்குள் அடங்கும் காம்பில் பிடியைப் பூட்டும் தறையாணிகளுக்கு இரண்டு மூன்று துளைகள் இடுவதற்கு 350 வாற்று மோட்டரே தாராளம். கடையில் அவர்கள் கேட்கவேண்டியது, அந்த மெசினின் மிகக் குறைந்த வேகம் எவ்வளவு என்பதையே.

உருக்கில் சாதாரண கடுவேக உருக்குப் பிற்றின் (துளையிடும் அலகின்) வெளிவிளிம்பு நிமிடத்துக்கு ஏறத்தாழ 15 மீற்றர் ஓடினால் போதும். அந்தக் கணக்கில் 3 மில்லிமீற்றர் பிற் நிமிடத்துக்கு 1,600 தடவையும், 6 மில்லிமீற்றர் பிற் 800 தடவையும் சுழலவேண்டும். அடிவேகமே 1,400 ஆக உள்ள மெசினில் பெரிய பிற்றைப் பூட்டினால், அது வெட்டாமல் உரசிச் சூடேறி, விளிம்பு கருகி மழுங்கிவிடும். பெல்ற்றை மாற்றிப் போடக்கூடிய படிக் கப்பிகளுடன் 600 அளவில் வேகம் தொடங்கும் சிறிய மேசை மெசின், பழகுபவருக்குப் பல ஆண்டுகள் போதுமானது. லொறி வில் தகட்டில் கத்தி செய்பவர்கள் தகட்டைச் செஞ்சூடாக்கி, உமிச் சாம்பலுக்குள் புதைத்து மெல்ல ஆறவிட்டு மென்மையாக்க வேண்டும். துளைகளையும் மீண்டும் தோய்ச்சல் கொடுத்து (சூடாக்கித் தோய்த்து) கடினமாக்குமுன்னரே இட்டுவிட வேண்டும்.

சென்ற மாரியில் ஒரு தம்பி விரலில் தையலோடு பட்டறைக்கு வந்தார். "சின்ன மெசின்தானே அண்ணை, என்ன செய்யப் போகுது எண்டு கையால பிடிச்சனான்" என்றார். ஆபத்து துளையின் தொடக்கத்தில் அல்ல, பிற் மறுபக்கம் வெளிவரும் கணத்தில்தான் இருக்கிறது. அடியில் எஞ்சிய மெல்லிய உருக்குத் தோலைப் பிற்றின் விளிம்புகள் கவ்வ, தகடு பிற்றின் முறுக்கில் மேலேறி அதனுடன் சேர்ந்து விசிறிபோலச் சுழலும். 350 வாற்று மோட்டரைக்கூட எவருடைய கைப்பிடியும் நிறுத்தாது. ஆகவே தகட்டை மேசையோடு இறுக்கிப் பிடிக்க ஒரு வைஸ், இரண்டு ஜீ கிளாம்ப் ஆகியவற்றின் விலையையும் மெசினின் விலையோடு சேர்த்தே கணக்கிட வேண்டும் என்று எவருக்கும் வற்புறுத்திச் சொல்கிறேன். மேலிருந்து பார்க்க பிற் வலஞ்சுழியாகச் சுற்றுவதால், கத்தியின் நீண்ட பக்கத்தை மெசினின் பின்புறத் தூணின் இடப்புறத்தில் முட்டவைத்தால், கிளாம்ப் வழுகினாலும் தூண் அதைத் தடுத்துவிடும். கூர் தீட்டுவதை எல்லாத் துளைகளும் முடிந்த பின்னரே செய்யவேண்டும். கையுறை, தொங்கும் சால்வை, அவிழ்ந்த சட்டைக் கை எதுவும் பிற்றைக் கவ்விச் சுழலும் சக்கின் அருகே வரக்கூடாது. கண்ணாடி அணியாமல் ஆளியைப் போடவும் கூடாது.

வேகத்துக்கு அடுத்ததாகப் பார்க்கவேண்டியது நேர்த்தன்மை. மேசை ஒரு பாகை சாய்ந்திருந்தாலே, 25 மில்லிமீற்றர் தடிப்பான பிடியின் மறுபக்கத்தில் துளை ஏறத்தாழ அரை மில்லிமீற்றர் விலகிவிடும், தறையாணியும் இறங்காது. பனை வைரத்தில் பிடி போடுபவர்களுக்கு இது இன்னும் முக்கியம், ஏனெனில் கருநார்களுக்கு இடையே பிற் தானாகவே விலகப் பார்க்கும், வெளிவரும் பக்கத்தில் நார் பிய்ந்தும் போகும். அடியில் ஒரு கழிவுப் பலகையை இறுக்கிக் கட்டித் துளைப்பதே அதற்கு வழி. மேசையைச் சோதிக்க, ஒரு தடித்த கம்பியை வளைத்துச் சக்கில் பூட்டி, அதன் நுனி மேசையைத் தொட்டும் தொடாமலும் நிற்க, மின்னிணைப்பைக் கழற்றிவிட்டு, கையால் சக்கைச் சுற்றிப் பாருங்கள். சுற்று முழுவதும் இடைவெளி மாறாமல் இருந்தால் மேசை நேரானது.

ஜப்பானிலிருந்து வரும் பழைய மெசின்கள் உறுதியானவை. எனக்கு அவற்றில் தனி மதிப்பு உண்டு. ஆனால் அவற்றுட் பல 100 வோல்ற்றுக்கு அமைந்தவை. நமது 230 வோல்ற்றில் நேரே செருகினால் மோட்டர் எரிந்துவிடும் என்பதால், பெயர்த் தகட்டை முதலில் வாசித்து, வோல்ற்றைக் குறைக்கும் படிகுறை நிலைமாற்றியின் விலையையும் சேர்த்துப் பேரம் பேசவேண்டும். மேசையில் உப்புக்காற்றால் பிடித்த துரு மண்ணெண்ணெய் பூசித் தேய்த்தால் போகும். சுழல்தண்டை முழுவதும் கீழிறக்கி, சக்கை இரு விரலால் பிடித்து அசைக்கும்போது கையில் ஆட்டம் தெரிந்தால், எவ்வளவு மலிவானாலும் அந்த மெசினைக் கடையிலேயே விட்டு வாருங்கள்.