ஏஜிசம்: வயதைச் சொல்லிப் பிரிப்பதற்குத் தமிழில் என்ன சொல்?

1975-இல் வந்த ‘அபூர்வ ராகங்கள்’ படத்தில் ஸ்ரீவித்யா ரஜினிகாந்தின் மனைவி. 1991-இல் வந்த ‘தளபதி’யில் அதே ரஜினிகாந்துக்கு அம்மா. இத்தனைக்கும் ஸ்ரீவித்யா ரஜினியைவிட இரண்டரை வயது இளையவர். கமல்ஹாசனோடும் இதேதான் நடந்தது. ‘அபூர்வ ராகங்க’ளில் கமல் விரும்பும் பெண்ணாக நடித்தவர், 1989-இல் ‘அபூர்வ சகோதரர்க’ளில் அவருக்கே அம்மாவானார். ‘தளபதி’யின் கதைப்படி அந்தத் தாய் மிகச் சிறு வயதில் பிள்ளை பெற்றவள், அதை மறுக்கவில்லை. ஆனாலும் 38 வயதில் ஒரு நடிகைக்கு அம்மா வேடம், 40 வயதில் அவரோடு நடிக்கும் நடிகருக்குக் கதாநாயகன் வேடம் என்று ஒதுக்கியபோது யாருக்கும் அது உறுத்தவில்லை. எனக்கு உறுத்துகிறது. இப்படி உறுத்தாமல் போகிற பழக்கத்துக்கு ஆங்கிலத்தில் ஒரு பெயர் இருக்கிறது: ஏஜிசம்.

வயதைக் குறிக்கும் ‘ஏஜ்’ என்ற சொல்லோடு ‘இசம்’ என்ற விகுதி சேர்ந்து பிறந்த சொல் இது. நிறம் பார்த்து ஒதுக்குவதைச் சொல்லும் ரேசிசம் என்ற சொல்லை அச்சாக வைத்து வார்த்தது. வார்த்தவர் ராபர்ட் பட்லர் என்ற அமெரிக்க மனநல மருத்துவர். ஆண்டு 1969. வாஷிங்டனின் செவி சேஸ் பகுதியில் வசதி குறைந்த முதியவர்களுக்கு அரசு குடியிருப்பு வரப்போகிறது என்றதும் அக்கம்பக்கத்தார் எதிர்த்துக் கிளம்பினார்கள். அதைப் பற்றி வாஷிங்டன் போஸ்ட் நிருபர் கார்ல் பெர்ன்ஸ்டீன் பட்லரிடம் பேசினார். (பின்னாளில் வாட்டர்கேட் ஊழலை வெளிக்கொண்டு வந்த இருவரில் ஒருவர் இவர்.) நிறவெறியோடு இன்னொரு வெறியும் இதில் இருக்கிறது என்று சொல்லி, அதற்கு ஏஜிசம் என்று பெயர் வைத்தார் பட்லர். அவர் தாத்தா பாட்டியிடம் வளர்ந்தவர். முதுமையைப் பற்றி அவர் எழுதிய நூலுக்கு 1976-இல் புலிட்சர் பரிசு கிடைத்தது. அமெரிக்காவின் தேசிய முதுமை ஆய்வு நிறுவனத்துக்கு முதல் இயக்குநரும் அவர்தான்.

சொல்லின் பொருளை மூன்றாகப் பிரித்துச் சொல்வார்கள். வயதை வைத்து ஒருவரைப் பற்றி முன்கூட்டியே ஒரு முடிவுக்கு வருவது, அந்த முடிவால் அவர்மீது ஒரு மனநிலை கொள்வது, அதன்படி அவரை நடத்துவது. இந்தச் சொல் இளையவர்களுக்கும் பொருந்தும். ‘சின்னப் பையன், உனக்கென்ன தெரியும்’ என்பதும் இதில் அடங்கும். ஆனால் வழக்கில் பெரும்பாலும் முதியவர்களைப் பற்றித்தான் வருகிறது. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வெளியிட்ட அறிக்கை, உலகில் இரண்டு பேரில் ஒருவருக்கு முதியவர்கள்மீது இந்த மனப்போக்கு இருப்பதாகச் சொன்னது.

சரி, தமிழில் என்ன சொல்வது? அதற்கு முன் நம்மிடம் ஏற்கெனவே இருக்கும் சொற்களைப் பார்த்துவிடுவோம். அங்கேதான் விஷயம் இருக்கிறது.

‘கிழவன்’ என்றால் இன்று வசை மாதிரி ஒலிக்கிறது. பழந்தமிழில் அதற்கு உரிமையாளன் என்று பொருள். கிழமை என்றால் உரிமை. ஞாயிற்றுக்கு உரிய நாள் ஞாயிற்றுக்கிழமை. தொல்காப்பியத்தில் கிழவனும் கிழத்தியும் காதலர்கள், தலைவனும் தலைவியும். ‘செல்லான் கிழவன் இருப்பின் நிலம்புலந்து இல்லாளின் ஊடி விடும்’ என்ற குறளில் வரும் கிழவன் நிலத்துக்குச் சொந்தக்காரன். அவனுக்கு இருபது வயதாகக்கூட இருக்கலாம். உடைமையும் அதிகாரமும் மூத்தவரிடம் இருந்த சமூகத்தில் அந்தச் சொல் வயதின்மேல் போய் ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும். பிறகு மரியாதை கழன்றுபோய் வயது மட்டும் மிஞ்சிவிட்டது.

‘பெருசு’ அப்படியும் இல்லை. பெரியவர் என்பதில் இருந்த ‘அர்’ விகுதி போய், அஃறிணை விகுதி ஏறிய சொல் அது. கிழம், கிழடு எல்லாமே அஃறிணைதான். மனிதரை மனிதருக்கான இலக்கணத்திலிருந்தே வெளியே தள்ளுகிற சொற்கள். நம் படங்களின் நகைச்சுவைக் காட்சிகளில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் முதியவரை இந்தச் சொற்களால் எத்தனை முறை கூப்பிட்டிருப்பார்கள்! காது கேட்காதது, பல் இல்லாதது, மறதி, எல்லாம் சிரிப்புக்கு. அவருக்குக் காதல் வந்துவிட்டால் தியேட்டரே சிரிக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆண்களுக்கும் பெண்களுக்கும் நம் இலக்கணக்காரர்கள் ஏழேழு பருவம் வகுத்தார்கள். ஆணுக்குப் பாலன், மீளி, மறவோன், திறலோன், காளை, விடலை, முதுமகன். பெண்ணுக்குப் பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண். ஆணின் பட்டியல் முதுமையைக் குறிக்கும் பெயரோடு முடிகிறது. பெண்ணின் பட்டியல் பேரிளம்பெண்ணோடு, நாற்பது வயதில் முடிந்துவிடுகிறது. அதற்கு அப்பால் அவளுக்குப் பருவமே இல்லை. வீதியில் பவனி வரும் தலைவனைப் பார்த்து ஏழு பருவப் பெண்களும் மயங்குவதைச் சொல்லும் உலா நூல்களைப் பாடிய புலவர்களுக்கு அது போதுமானதாக இருந்தது. ‘தளபதி’ வந்தபோது ஸ்ரீவித்யா அந்தக் கணக்கில் பேரிளம்பெண். பட்டியலின் கடைசிப் படியில் நின்றவரைத்தான் சினிமா அம்மா வேடத்துக்கு அனுப்பியது.

அதே நேரம், முதியவராக நடித்துப் புகழ் வாங்கும் வாய்ப்பு இளைய நாயகர்களுக்குப் போயிற்று. 1970-இல் ‘வியட்நாம் வீடு’ வந்தபோது, ஓய்வுபெற்றுத் தளர்ந்துபோகும் பத்மநாபனாக நடித்த சிவாஜிக்கு வயது 41. 1996-இல் ‘இந்தியன்’ வந்தபோது சேனாபதித் தாத்தாவாக நடித்த கமலுக்கும் 41. இரண்டுமே அபாரமான நடிப்பு, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் உண்மையில் எழுபதைத் தொட்ட ஒரு நடிகருக்கு இரண்டு காட்சியும் ஒரு சாவும்தான் கிடைக்கும் என்பதும் உண்மை.

இப்போது தமிழ்ச் சொல்லுக்கு வருவோம். ‘வயதுவாதம்’ என்று சிலர் எழுதுகிறார்கள். இனவாதம் மாதிரி அமைத்தது. ஆனால் கேட்டவுடன் வயதைப் பற்றிய வாக்குவாதம் என்றுதான் தோன்றுகிறது. பெண்ணியம், தலித்தியம் என்று உயர்த்திப் பேசும் கொள்கைகளுக்கே பெரும்பாலும் வருகிற ‘இயம்’ விகுதியைச் சேர்த்து ‘மூப்பியம்’ என்றால், முதியவர்களுக்காகப் போராடும் இயக்கம் போல் ஆகிவிடும். ‘முதுமை இகழ்ச்சி’ எனக்கு முதலில் பிடித்திருந்தது; சினிமா நகைச்சுவைக்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது. ஆனால் சினிமா முதியவர்களை இகழ்வதோடு நிற்பதில்லை. கும்பிடவும் செய்கிறது. தனக்கென்று ஒரு ஆசையும் இல்லாமல், பிள்ளைக்காகக் கண்ணீர் விட்டே மறைகிற அம்மாவை இகழ்ச்சி என்ற சொல் தொடாது. அவளையும் வயதை வைத்துத்தானே ஓர் ஓரத்தில் நிறுத்தினார்கள்?

அதனால் நான் ‘வயதுப் பாகுபாடு’ என்றே எழுதுகிறேன். பகு என்றால் பிரி. கேலிக்குரிய பெருசையும் கோயில் சிலை போன்ற அம்மாவையும் நம்மிலிருந்து பிரித்து வேறு இனம் போல் வைப்பதை அந்த வேர்ச்சொல் சரியாகப் பிடிக்கிறது. தனித்தமிழ் வேண்டுவோர் ‘அகவைப் பாகுபாடு’ என்று எழுதலாம். பிறந்தநாள் சுவரொட்டிகளில் இன்றும் வாழ்கிற சொல்தான் அகவை.

பிரிக்காமல் எடுத்த படங்களும் உண்டு. 2019-இல் வந்த ‘கே.டி. (எ) கருப்புதுரை’யில் தலைக்கூத்தலுக்கு, அதாவது நோயுற்ற முதியவரை எண்ணெய்க் குளியல் போன்றவற்றால் குடும்பத்தாரே சாகடிக்கும் வழக்கத்துக்கு, தப்பி ஓடும் முதியவராக மு. ராமசாமி நடித்தார். அவர் கதாபாத்திரத்துக்குப் பசி இருந்தது, பிரியாணி ஆசை இருந்தது, ஒரு பழைய காதலும் இருந்தது. 2022-இல் வெளியான ‘கடைசி விவசாயி’யில் விவசாயி நல்லாண்டியே மையம். ஒப்பனை முதுமை இல்லை, அவருடைய சொந்த முதுமை. படம் திரைக்கு வருவதற்குள் அவர் இறந்துவிட்டார். தேசிய விருதில் அவருக்குச் சிறப்புக் குறிப்பு கிடைத்தது.

சொல் வாக்கியத்தில் இப்படி வரும்: ‘நாயகனைவிட இளையவரை அவனுக்கே அம்மாவாக்குவது வயதுப் பாகுபாடு.’ ‘அந்தப் படத்தில் வயதுப் பாகுபாடு இல்லை, பாட்டிக்கும் ஒரு கதை இருந்தது.’